ஒலுவிலில் சிவில் படிக்கிறேன், கொழும்பில் யாரையும் தெரியாது. எந்தத் துறைக்குப் போவது, ஆட்களை எப்படிப் பழகுவது?

தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு கவலை இருக்கிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சிவில் இரண்டாம் வருடம் படிக்கிறீர்கள்; கட்டடமா, வீதியா, நீரா, கரையோரமா என்று இன்னும் பிடிபடவில்லை. மற்றது, வீட்டில் இந்தத் துறையில் ஒருத்தரும் இல்லை. "ஆள் இல்லாதவனுக்கு நல்ல இடத்தில் ட்ரெயினிங் கிடைக்காது" என்று சீனியர்மார் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆள், நீர் வழங்கலில் வேலை செய்கிற சிவில் இஞ்சினியர். கம்பஸ் பிள்ளைகளோடு அடிக்கடி கதைக்கிறவன்.

இரண்டு கவலைக்கும் ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. வேலை கேட்டு ஆளிடம் போவதற்கு முன், அவர் செய்கிற வேலையைப் பற்றி விசாரிக்கப் போங்கள். அப்படிப் போகிற இடத்தில்தான் துறையும் பிடிபடும், ஆளும் பழக்கமாவார். அதைத் தொடங்கக் கொழும்பு பஸ் ஏறத் தேவையில்லை.

உங்கள் கம்பஸுக்குப் பக்கத்திலேயே ஒலுவில் துறைமுகம் இருக்கிறது. டென்மார்க்கின் நிதியுதவியோடு கட்டி 2013இல் திறந்தார்கள். அலைதடுப்பு அணை கடலுக்குள் நீண்டதும், கரையோரமாக நகர்ந்துகொண்டிருந்த மணல் ஒரு பக்கத்தில் தங்கிவிட்டது. மற்றப் பக்கத்தில், நிந்தவூர் நோக்கி, கரை அரிபடத் தொடங்கியது. துறைமுக வாயிலையும் மணல் அடைத்தது. லெக்சரில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற மணல் நகர்வு அங்கே கண் முன்னால் நடக்கிறது. ஒரு பின்னேரம் போய்க் கடற்தொழில் செய்கிற காக்காமாரோடு, அதாவது அந்த ஊர் அண்ணன்மாரோடு, கதையுங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் மணல் எங்கே போகிறது, கச்சான் காற்றுக் காலத்தில் எங்கே நிற்கிறது என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து, பிறகு ஒரு கரையோரப் பொறியியலாளரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வி இரண்டு நாளில் உங்களுக்கு அலுத்துப்போனால் அதுவும் நல்ல செய்திதான். ஒரு துறை கழிந்தது.

மற்றப் பக்கம், கல்லோயா ஆற்றை மறித்து அணை கட்டிய இங்கினியாகலை. கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. அணையைக் கட்டியது அமெரிக்காவின் மொரிசன் நட்சன் கம்பனி. அந்த அணை தேக்குகிற சேனாநாயக்க சமுத்திரத்தில் இருந்து வருகிற தண்ணீரில்தான் அம்பாறை மாவட்டத்து வயல்களில் பெரும்பகுதி விளைகிறது. பாலம்தான் பிடிக்கும் என்றால் மட்டக்களப்பில் கல்லடிக்குப் போங்கள்: பழைய இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இனி, கம்பஸில் யாரும் சரியாகச் சொல்லித்தராத விசயம் ஒன்று. சிவில்காரனின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது கட்டடமா நீரா என்பதை விட, ஒப்பந்தத்தில் நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதுதான். கொந்தராத்துக்காரர் பக்கம் என்றால் விடிய ஐந்து மணிக்குக் கொங்கிரீட் வண்டி வந்ததா என்று போன் பண்ண வேண்டும். கம்பி வளைக்கிறவர்களுக்குச் சம்பளம், மழைக்குள் நிற்கிற மெசின், மாத முடிவில் பில். கையில் வேலை சீக்கிரம் வரும், தூக்கம் குறையும். கன்சல்டன்ட் பக்கம் என்றால் வரைபடம், கணக்கு, சைட்டில் மற்றவர் செய்த வேலையை அளந்து சரி பிழை பார்ப்பது. எழுதத் தெரிந்திருக்க வேண்டும், மனிதரோடு முகம் முறியாமல் "இதைத் திரும்பச் செய்யுங்கள்" என்று சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். வேலையைச் செய்விக்கிற திணைக்களம், சபை, அதிகாரசபைப் பக்கம் என்றால் காணிப் பிரச்சினை, கேள்விமனு, ஊர்ச் சனத்தின் முறைப்பாடு. வேலை முடிந்த பிறகும் அந்தப் பாலத்தையோ குழாயையோ வருடக்கணக்கில் பராமரிக்கிற பொறுப்பு. மூன்றிலும் இருக்கிறவர்கள் ஒரே பட்டம் எடுத்தவர்கள். ஆனால் அவர்களின் ஒரு நாள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. அதனால் யாரைச் சந்தித்தாலும், "இந்தத் துறை எப்படி சேர்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "போன கிழமை செவ்வாய்க்கிழமை காலையில் இருந்து பின்னேரம் வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதில்தான் உங்களுக்குத் துறையைக் காட்டும்.

நான் நேரே பார்த்ததைச் சொல்கிறேன். ஏறாவூரைச் சேர்ந்த மாணவி ஒருவர் லீவு நாளில் எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க அனுமதி கேட்டு வந்தார். முதல் நாள் இரவு நல்ல மழை, குளத்துத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. ஆய்வுகூடத்தில் ஆறு கண்ணாடிக் குவளைகளில் அந்தத் தண்ணீரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு அளவில் படிகாரக் கரைசல் விட்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்கினார்கள். கலக்கி நின்றதும் சிறு சிறு பஞ்சுத் துகள் போலத் திரண்டு இறங்கத் தொடங்கியது. அந்தப் பிள்ளை குனிந்து, கண்ணைக் குவளை மட்டத்துக்குக் கொண்டுவந்து, எது முதலில் தெளிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "சேர், அடியில் இறங்கின இந்தச் சேறு எல்லாம் கடைசியில் எங்க போகுது?"

வருகிற பலர் பம்ப் எத்தனை குதிரைவலு என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி நிலையத்தை நடத்துகிறவன் கேட்கிற கேள்வி. படுக்கை என்று நாங்கள் சொல்கிற உலர்த்தும் தளத்தில் கிடந்த சேற்றைக் காட்டினேன், இடம் போதாமல் நாங்கள் படுகிற பாட்டையும் சொன்னேன். பின்னால் ஒரு கன்சல்டன்ட் நண்பர் ட்ரெயினிங்குக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டபோது, அந்த மாணவியின் பெயர்தான் எனக்கு உடனே வாயில் வந்தது. அவருடைய ஜீபிஏ எனக்குத் தெரியாது. அவர் எதைப் பார்த்தார், என்ன கேட்டார் என்று மட்டும் சொல்ல முடிந்தது, அதுவே நண்பருக்குப் போதுமாக இருந்தது. செல்வாக்கால் இடம் பிடிக்கிறவர்கள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருக்கிறார்கள். ஆனாலும் சைட்டில் ஆள் தேவைப்படுகிற மனிதர் தேடுவது, "இவரை நம்பி விடலாம்" என்று யாராவது காரணத்தோடு சொல்லக்கூடிய பிள்ளையைத்தான்.

எப்படி அணுகுவது? லிங்க்ட்இனில் "சேர், ஏதும் வேகன்சி இருக்கா?" என்று வருகிற செய்திக்கு நான் என்ன பதில் எழுத முடியும்? இப்படி எழுதிப் பாருங்கள்: "வணக்கம் சேர். நான் தென்கிழக்குப் பல்கலைக்கழக சிவில் இரண்டாம் வருட மாணவன், ஊர் பாலமுனை. களப்புக்குக் குறுக்கே பாலம் போடுகிற வேலையில் நீங்கள் இருந்ததாக உங்கள் பக்கத்தில் பார்த்தேன். சேற்று மண்ணில் அத்திவாரத்தை எந்த ஆழத்தில் நிறுத்துவதென்று எப்படித் தீர்மானித்தீர்கள் என்று அறிய ஆசை. வசதியான நாளில் 15 நிமிடம் போனில் கதைக்கலாமா?" ஊரும் கேள்வியும் நேரமும் அதற்குள் வந்துவிட்டன. மறுமொழி வராவிட்டால் ஒரு கிழமை கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டுங்கள், பிறகு விட்டுவிடுங்கள்.

அரச அலுவலகம் என்றால் பீடத்தில் இருந்து கடிதம் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், பொதுமக்கள் தினத்தில் போகாதீர்கள். கொங்கிரீட் போடுகிற நாளில் சைட் இஞ்சினியரைக் கதைக்கக் கூப்பிடாதீர்கள். பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் அனுமதி கேளுங்கள். முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். சப்பாத்து முக்கியம், செருப்போடு வருகிற பிள்ளையை உள்ளே விட முடியாது. போய் வந்த பிறகு நன்றி சொல்லி எழுதுங்கள். சில மாதம் கழித்து, "நீங்கள் சொன்ன பாடத்தை எடுத்தேன், இப்படிப் போகிறது" என்று இரண்டு வரி எழுதுகிறவர் மிகக் குறைவு. அந்த இரண்டு வரியால்தான் நான் ஆட்களை நினைவில் வைத்திருக்கிறேன்.

முறையான வழிகளையும் விடாதீர்கள். இலங்கையில் பொறியியல் மாணவருக்கான கைத்தொழில் பயிற்சியில் நைட்டா என்கிற அரச பயிற்சி அதிகாரசபைக்குப் பங்கு உண்டு. உங்கள் பீடத்தின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் நடைமுறையை இப்போதே கேட்டு வையுங்கள். எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கும்போது பெட்ச்சில் எல்லோரும் எழுதியதையே எழுதாமல் இருக்கத்தான் இவ்வளவு விசாரிப்பும். ஐ.ஈ.எஸ்.எல். என்கிற இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 1906இல் ஒரு சங்கமாகத் தொடங்கியது. மாணவர் அங்கத்துவம் எடுங்கள், கூட்டங்களுக்குப் போனால் பட்டயப் பொறியியலாளர்களை நேரே சந்திக்கலாம். வெளிநாட்டு யோசனை இருந்தால், பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் சேர்ந்தது. ஐ.ஈ.எஸ்.எல். அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்குத்தான் அதன் பலன், ஆகவே உங்கள் பாடநெறியின் நிலையைப் பீடத்திலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, சிங்களம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆள் பழக்கம் தடைப்படுகிற பெரிய இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். மீட்டிங்கில் ஆங்கிலம் சமாளிக்கும். ஆனால் சைட்டில் போமனும் மெசின் ஓட்டுகிற ஐயாவும் தேத்தண்ணி நேரத்தில் சொல்கிற விசயங்கள்தான் உண்மையான ட்ரெயினிங், அது கூடுதலான இடங்களில் சிங்களத்தில்தான் நடக்கும். ஒலுவிலில் உங்கள் பெட்ச்சிலேயே சிங்களப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களோடு ஒரு குரூப் புரொஜெக்ட் செய்யுங்கள், நீங்கள் சிங்களத்தில் கதையுங்கள், அவர்கள் தமிழில் கதைக்கட்டும். இங்கினியாகலை பார்க்கப் போவதென்றால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வாய்க்கால் காவலரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை முதல் நாளே சிங்களத்தில் எழுதிப் பழகிவிட்டுப் போனால் வசதி.