கால்பந்துப் பயிற்சியாளர் ஸ்டாக் கூடைப்பந்து வரலாற்றில் இடம்பெறுவது ஏன்?

அமெரிக்கக் கால்பந்துக்குப் பெயர்பெற்ற அமோஸ் அலோன்சோ ஸ்டாக், 1959-இல் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தின் முதல் குழுவிலேயே சேர்க்கப்பட்டது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடைப்பந்து பிறந்த இடத்திலேயே அவர் இருந்தார் என்பது விடையின் ஒரு பகுதி. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில் இவ்விளையாட்டை உருவாக்கியபோது, ஸ்டாக் அங்கே உடன் பணியாற்றினார். அவர் நடத்திய கால்பந்து அணியில் நைஸ்மித்தும் ஆடியவர். 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த முதல் ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5–1 என வென்றனர். ஆசிரியர்களின் அந்த ஒற்றைப் புள்ளி ஸ்டாக் எடுத்தது.

அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர், கூடைப்பந்தையும் அங்கே கொண்டுசென்றார். 1896 ஜனவரியில் அயோவா நகரில் அணிக்கு ஐவராக ஆடிய ஆட்டத்தில் சிகாகோ 15–12 என வென்றது. 1917-இல் அவர் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டி 1930 வரை நடந்தது. புகழ் மன்றத் தேர்வுக்கு இதுவே வலுவான காரணம் என்பது என் கருத்து.

கால்பந்தில் அவர் சிகாகோவில் 1932 வரை 41 பருவங்கள் நீடித்தார். 1905-இல் அவரது அணி, 56 ஆட்டங்களாகத் தோல்வி காணாத மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 2–0 என வீழ்த்தியது. எழுபது வயதில் ஓய்வு கட்டாயமாக்கப்பட்டபோது, கலிபோர்னியாவின் பசிபிக் கல்லூரியில் சேர்ந்து 1946 வரை பயிற்சியளித்தார். இடையே 1943-இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.