இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம், திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம் என்று படித்திருக்கிறேன். அப்படியென்றால் காகிதத்தைக் கிழிப்பது எதில் சேரும்?

பதில்: இயற்பியல் மாற்றத்தில்தான். எத்தனை துண்டாகக் கிழித்தாலும் அது அதே செல்லுலோஸ்தான். எரித்தால்தான் வேறு பொருள்கள் உண்டாகின்றன. நீங்கள் படித்த விதி தொடக்க வகுப்புக்குச் சரி, அதற்கு மேல் கைவிட்டுவிடும்.

மயில் துத்தத்தை, அதாவது நீல நிறத் தாமிர சல்ஃபேட் படிகத்தைப் பாருங்கள். 5 கிராம் நீலப் படிகத்தைப் பீங்கான் கிண்ணத்தில் இட்டு, இளந்தீயில் கிளறிக்கொண்டே சூடாக்கினால் படிக நீர் வெளியேறி, ஏறக்குறைய 3.2 கிராம் வெண்பொடி மிஞ்சும். ஆறியபின் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். நீலம் திரும்பிவிடும், கிண்ணமும் சுடும். பழைய நிலைக்குத் திரும்பினாலும் இது வேதியியல் மாற்றமே. தாமிர அயனியோடு (மின்னேற்றம் கொண்ட தாமிர அணுவோடு) பிணைந்திருந்த நீர் பிரிந்துபோய் மறுபடி சேர்ந்திருக்கிறது. தீயைக் கூட்டிவிட்டால் பொடி கறுத்துத் தாமிர ஆக்சைடு ஆகிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் நீலம் வராது. மயில் துத்தம் நச்சு. சமையல் பாத்திரத்தில் செய்யவே கூடாது.

கேள்வி: இரும்புத் தூளையும் கந்தகத்தையும் கலந்து சூடாக்கினோம். கிடைத்த கட்டி இன்னமும் காந்தத்தில் ஒட்டுகிறது. வினை நடக்கவில்லையா?

பதில்: நடந்திருக்கும்; முழுதாக நடந்திருக்காது. இரும்பு முழுவதும் கந்தகத்தோடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடு ஆகியிருந்தால் கட்டி காந்தத்தில் இப்படி ஒட்டாது. எடை விகிதம் 7 பங்கு இரும்புக்கு 4 பங்கு கந்தகம் இருக்க வேண்டும் (அணு நிறைகள் 56, 32). சரியாக நிறுத்துப் போட்டாலும் சூட்டில் கந்தகம் ஆவியாகித் தப்பிவிடும், அல்லது குழாயின் வாயில் எரிந்துபோகும். அதற்கு ஈடான இரும்பு அப்படியே மிஞ்சும், காந்தத்தில் ஒட்டுவது அதுதான். இரும்புத் தூள் கொரகொரவென்று இருந்தாலும் இதே கதி. தூளின் உட்பகுதியைக் கந்தகம் எட்டாது.

அடுத்த முறை இரண்டையும் நைசாகப் பொடித்து நன்றாகக் கலந்து, 2 கிராம் மட்டும் சோதனைக்குழாயில் இட்டு, வாயைக் கண்ணாடிப் பஞ்சால் தளர்வாக அடையுங்கள். அடியில் செந்தணல் தெரிந்ததும் சுடரை எடுத்துவிடுங்கள். வினை வெப்பத்தை வெளிவிடுவதால் தணல் தானாகவே மேலே பரவும். தணலே தெரியவில்லை என்றால் வினை பற்றிக்கொள்ளவில்லை என்று பொருள்.

நன்றாகச் செய்த கட்டியிலும் லேசான ஈர்ப்பு மிஞ்சுவதுண்டு. அதனால் காந்தத்தோடு நிறுத்தாதீர்கள். கடுகளவு துணுக்கின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். சூடாக்காத கலவை மணமற்ற ஹைட்ரஜனைத் தரும். இரும்பு சல்ஃபைடு உண்டாகியிருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு நச்சு வாயு என்பதால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மூக்கை அருகே கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: குமிழி வந்தாலோ நிறம் மாறினாலோ வேதியியல் மாற்றம் என்று முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. கொதிக்கும் நீரின் குமிழியில் இருப்பது நீராவி. கருத்த அயோடின் ஊதா ஆவியானாலும் அயோடின்தான். அதே நீரில் மின்சாரம் பாய்ச்சும்போது வரும் குமிழிகள் வேறு: ஒரு முனையில் சேரும் வாயு (ஹைட்ரஜன்) எரியும் குச்சியைக் காட்டினால் ‘பட்’டென்று வெடிக்கும், மறுமுனையில் சேருவது (ஆக்சிஜன்) தணற்குச்சியைச் சுடர்விடச் செய்யும். குமிழியை எண்ணாமல் வாயுவைச் சோதியுங்கள்.

கேள்வி: உப்பு கரைவது?

பதில்: அயனிகள் பிரிகின்றனவே என்று வாதிடுவோர் உண்டு. ஆனாலும் நீரை வற்றவைத்தால் அதே உப்பு கிடைப்பதால், பாடநூல்கள் இயற்பியல் மாற்றம் என்கின்றன. ஹைட்ரஜன் குளோரைடு வாயு நீரில் கரைவதை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நீரோடு வினைபுரிந்து அமிலமாகிறது.