ரத்தம் நின்றுவிட்டது, ஸ்கேனும் நார்மல்: அப்புறமும் சிஸ்டோஸ்கோப்பி எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. குரோம்பேட்டையில் இருக்கிறோம். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் சாயம் ஏற்றும் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பீடியை விட்டு 5 வருடம் ஆகிறது. இதயத்துக்காக தினமும் ஆஸ்பிரின் எடுக்கிறார். போன மாதம் இரண்டு நாள் சிறுநீர் கறி கழுவிய தண்ணீர் மாதிரி போனது. வலியோ எரிச்சலோ இல்லை. வெயில் சூடு என்று நினைத்து இளநீர் கொடுத்தோம். பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், நின்றுவிட்டது. வயிற்று ஸ்கேனில் புராஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் யூராலஜிஸ்ட் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாய் விட்டு சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சோதனை) செய்யச் சொல்கிறார். "நின்னு போனதுக்கு எதுக்குக் குழாய் விடணும்?" என்று அப்பா மறுக்கிறார். அவசியம்தானா? சிறுநீர்ப் பரிசோதனையிலேயே தெரியாதா?

பதில்: அவசியம். இந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அப்பாவுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கிற பலருக்கு அது இருப்பதில்லை. ஆனால் அவர் வயது, பீடி, சாய வேலை, வலியில்லாமல் கண்ணுக்குத் தெரிய வந்த ரத்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளே பார்க்காமல் விட எந்த மருத்துவருக்கும் மனசு வராது.

ரத்தம் நின்றதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்ப்பையின் உட்சுவரில் வளரும் கட்டி மிக மென்மையானது. அதன் மேலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய் கிழிந்தால் ரத்தம் வரும், தானே உறைந்து நிற்கும், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து மறுபடி வரும். இடையில் சாப்பிட்ட மாத்திரைக்குப் பேர் கிடைத்துவிடுகிறது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் யூரின் கல்ச்சர் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அது கிருமித் தொற்றுதான் என்பதற்கு ஆதாரமே இல்லை. ஆஸ்பிரினையும் குற்றம் சொல்ல வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தாலும், மற்றவர்களுக்குச் செய்யும் அதே சோதனைகளைச் செய்ய வேண்டும். அந்த மருந்து சில சமயம் ஒளிந்திருக்கும் கட்டியைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கிறது.

அடுத்து ஸ்கேன். அல்ட்ராசவுண்ட் நல்ல சோதனைதான். சிறுநீரகத்தை, கல்லை, ஓரளவு பெரிய கட்டியைக் காட்டும். அதுவும் சிறுநீர்ப்பை நன்றாக நிரம்பியிருந்தால். சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியும், பையின் கழுத்துப் பகுதியில் இருப்பதும் தப்பிவிடலாம். உட்சுவரோடு சுவராகத் தட்டையாகப் படரும் ஒரு வகை உண்டு. அதை ஸ்கேன் காட்டவே காட்டாது. ஆனால் தீவிரமான வகைகளில் அதுவும் ஒன்று. அறுபது வயதுக்கு மேல் எடுக்கிற ஸ்கேனில் பெரும்பாலும் புராஸ்டேட் வீக்கம் என்று ஒரு வரி இருக்கும். ரத்தத்துக்குக் காரணம் அதுதான் என்று ஃபைலை மூடிவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. உள்ளே பார்த்து வேறு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் புராஸ்டேட் மேல் பழி போடலாம். சின்னக் கல் தெரிந்தாலும் இதே கதைதான்.

சிறுநீரில் உதிரும் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சைட்டாலஜி சோதனை இருக்கிறது. தீவிர வகைப் புற்றுநோயையும், நான் சொன்ன தட்டையான வகையையும் இது நன்றாகவே பிடிக்கும். மெதுவாக வளரும் வகையைப் பெரும்பாலும் தவறவிடும். அதனால் 'செல்கள் நார்மல்' என்று வந்தால் புற்றுநோய் இல்லை என்று அர்த்தம் ஆகாது. கொடுக்கும்போது காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைத் தவிர்த்து, அடுத்ததைக் கொடுங்கள். இரவு முழுக்கத் தேங்கிய நீரில் செல்கள் சிதைந்துபோயிருக்கும். புற்றுநோய் அடையாளப் பொருள்களைத் தேடும் புதிய சிறுநீர்ச் சோதனைகளும் வந்திருக்கின்றன. எதுவும் இன்னும் சிஸ்டோஸ்கோப்பியின் இடத்தைப் பிடிக்கவில்லை.

அப்பாவின் பயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னால் பாதி பயம் போய்விடும். வளையும் வகைக் குழாய் சுமார் 5 மில்லிமீட்டர் பருமன்தான். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல்லியைச் சிறுநீர்த் துவாரத்தில் விட்டுச் சில நிமிடம் காத்திருந்து உள்ளே செலுத்துவார்கள். பார்க்கிற வேலை பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடியும். சிறுநீர் முட்டுகிற உணர்வும் கொஞ்சம் எரிச்சலும் இருக்கும். அன்றே வீட்டுக்கு வரலாம். சில இடங்களில் வளையாத குழாய்தான் இருக்கும். ஆண்களுக்கு அது கூடுதல் சங்கடம் என்பதால் முதுகில் ஊசி போட்டுச் செய்வதும் உண்டு. எது என்று முன்பே கேளுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும். சிறுநீரில் கிருமி இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்திவிட்டுத்தான் செய்வார்கள். முடிந்த பிறகு ஓரிரு நாள் எரிச்சலும் லேசான சிவப்பும் இருக்கலாம். நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் உடனே போகவும்.

கூடவே சிடி யூரோகிராம் (சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாய்களையும் காட்டும் சிடி ஸ்கேன்) சொல்வார்கள். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயிலும் இதே வகை உட்படலம்தான் இருக்கிறது, அங்கேயும் கட்டி வரலாம். படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் சாய மருந்து ஏற்றுவதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் சோதனையை முன்னதாகப் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை, பழைய அலர்ஜி இருந்தால் சொல்லிவிடுங்கள்.

ஒருவேளை கட்டி தெரிந்தால் மயக்க மருந்து கொடுத்து, சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட் வந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "எடுத்த சதையில் தசை அடுக்கு இருந்ததா? நோய் அதற்குள் போயிருக்கிறதா?" சிகிச்சை முழுக்க இந்தப் பதிலை வைத்துத்தான் அமையும். தசை கிடைக்கவில்லை என்றாலோ, தீவிர வகை தசையைத் தொடாமல் அதற்கு மேலடுக்கு வரை இறங்கியிருந்தாலோ, சில வாரத்தில் மறுபடி சுரண்டிப் பார்ப்பார்கள். முதல் தடவை சரியாகச் செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம், நோயின் ஆழத்தைத் துல்லியமாக அறிவதற்கான முறை அது. கண்டுபிடிக்கும்போது நான்கில் மூன்று பேருக்கு நோய் தசைக்குள் போயிருப்பதில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு சிறுநீர்ப்பையைக் காப்பாற்ற முடியும். காசநோய்த் தடுப்பூசியான அதே பிசிஜி மருந்தைப் பைக்குள் செலுத்தும் சிகிச்சையும் இவர்களில் பலருக்கு உதவும்.

அப்பாவின் சாய வேலையை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1895-லேயே லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய மருத்துவர் அனிலின் சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை எழுதிவைத்தார். சாயத்தில் உள்ள சில ரசாயனங்களும் புகையிலையின் நஞ்சும் சிறுநீரில் கலந்து பைக்குள் மணிக்கணக்கில் தேங்குகின்றன. விளைவு தெரிய 20, 30 வருடம்கூட ஆகலாம். பீடியை விட்டது ஆபத்தைக் குறைக்கும், ஆனால் முழுசாகப் போக்காது. அவரோடு வேலை பார்த்தவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் புற்றுநோய் ஆண்களைவிடக் குறைவாக வந்தாலும் பெண்களுக்குத் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது. நீர்க்கடுப்பு, சூடு என்று சொல்லி கல்ச்சர் எடுக்காமலே மாத்திரை மாறி மாறிப் போகும். மாதவிலக்கு நின்ற பிறகு தெரியும் ரத்தம் கர்ப்பப்பையிலிருந்து வருகிறதா, சிறுநீரிலா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

செலவுதான் தயக்கம் என்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் போங்கள். குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம்தான். ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் யூராலஜி பிரிவு உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படம், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். அதற்குள் மறுபடி ரத்தம் வந்தால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், டாக்டருக்கு உதவும். ரத்தம் கட்டி கட்டியாக வந்து சிறுநீர் அடைத்துக்கொண்டால், அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.