ஈறுல ரத்தம், குடல்ல புண்ணு: ரெண்டும் ஒன்னா?

அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்ருக்காரு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்க்கு (பெருங்குடல்ல புண்ணு வார நோய்) நாலு வருசமா மெசலமைன், அசதயோப்ரின் சாப்புடுதாராம், இப்ப பல்லு தேய்க்கும்போதெல்லாம் ஈறுல ரத்தம் வருதாம், பல்ல க்ளீன் பண்ணா வயிறும் சரியாயிருமா, ஆனா க்ளீன் பண்ணா பல்லு ஆடிரும்னு ஆச்சி சொல்லுதாவ, என்ன செய்யன்னு.

தம்பி, ஒரே வியாதி இல்ல, ஆனா சொந்தக்காரங்கதான். கொலைட்டிஸ், அதே மாதிரி குடல் நோயான க்ரோன்ஸ் உள்ளவங்களுக்கு ஈறு நோய் கூடுதலா இருக்கதா பல ஆய்வுல பாத்துருக்காங்க. நாள் பூரா முழுங்குத எச்சிலோட ஈறு இடுக்குல கெடக்க கிருமியும் உள்ள போகுதுலா, நல்ல குடல்னா ஏற்கனவே குடியிருக்க பாக்டீரியா அத அண்ட விடாது, புண்ணான குடல்ல எடம் புடிச்சிருது. 2020ல மிச்சிகன் யுனிவர்சிட்டிக்காரங்க எலிய வச்சி பாத்தப்போ, ஈறு நோய் சேர்ந்ததும் குடல் புண்ணு கூடிருக்கு, கிருமி மட்டுமில்ல, ஈறுல அதோட சண்டை போட்டுப் பழகுன வெள்ளணுவும் குடலுக்கு போய் அங்கயும் சண்டைய மூட்டிருக்கு. எலில பாத்தது, மனுசனுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல முடியாது. அதனால க்ளீன் பண்ணா கொலைட்டிஸ் போயிரும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க, ஈறுக்காக பண்ணுங்க.

ஆச்சி சொல்லுததுலயும் பாதி நெசம் இருக்கு. உள்ள எலும்பு கரைஞ்ச பல்ல, அதுல கட்டியா படிஞ்ச அழுக்கு, அந்த காரைதான் சிமெண்டு மாதிரி புடிச்சி நிப்பாட்டிருக்கும், அத எடுத்ததும் ஆட்டம் வெளிய தெரியும், அவ்ளோதான். காரைய விட்டு வச்சா மிச்ச எலும்பும் கரையும்.

நான் பயப்படுதது வேற விசயத்துக்கு. பல் டாக்டர்ட்ட போனா வாயத் தொறந்து காட்டுததுக்கு முன்னாடி மாத்திரை அட்டைய காட்டுங்க. அசதயோப்ரின் வெள்ளணுவ மட்டுமில்ல, சிலருக்கு ரத்தத்த உறைய வைக்குத பிளேட்லெட்டையும் குறைக்கும், ஈறுல ரத்தம் வர அதுவே காரணமா இருக்கலாம், அதனால முதல்ல ஒரு சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை பாக்குத டெஸ்ட்) எடுத்துருங்க. பல்லுவலின்னு மெடிக்கல்ல கேட்டா டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ எடுத்து நீட்டிருவாங்க, அது சிலருக்கு அடங்கி கெடந்த கொலைட்டிஸ கிளப்பி விட்ரும், பாரசிட்டமால் போதும். ஆன்டிபயாட்டிக் சாப்ட்டு வயித்தால போச்சுன்னா பழைய நோய்தான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, வேற கிருமி தொத்திருக்கலாம், குடல் டாக்டர்ட்ட சொல்லி மலம் டெஸ்ட் பண்ணணும். குடல் மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திராதீங்க.

அதுவரைக்கும் சாஃப்ட் ப்ரஷ்ஷு, ரெண்டு வேளை. ரத்தம் வருதேன்னு தேய்க்காம விட்ராதீங்க. உமிக்கரி வேண்டாம், வெளக்கமாத்து ஈர்க்க ஒடிச்சி பல்லு குத்துத பழக்கம் இருந்தா அதையும் விட்ருங்க.