நேதாஜி ஏறிய நீர்மூழ்கி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேதாஜி ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து ஜப்பானின் ஐ-29க்கு மாறிய சம்பவத்தை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கப்பலின் எடை 2,198 டன் என்கிறார் ஒருவர். இன்னொருவர் 2,584, மூன்றாமவர் 3,654. போதாக்குறைக்கு அதில் விமானம் வேறு இருந்ததாம். யாரை நம்புவது?

கே., காரைக்குடி

அன்புள்ள கே.,

மூவரையும் நம்பலாம். முதலாவது, எரிபொருளைச் சேர்க்காமல் போடும் கணக்கு. இரண்டாவது, கடல்மேல் மிதக்கும்போது. தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு மூழ்கியபின் உள்ளது மூன்றாவது.

விமானமும் கட்டுக்கதை அல்ல. ஐ-29 பி1 வகையைச் சேர்ந்தது, நீளம் 108.7 மீட்டர். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு முன்னால் நீர் புகாத உருளைக் கொட்டகை ஒன்று. சிறிய கடல் விமானத்தைப் பிரித்து அதற்குள் வைப்பார்கள். அதை உந்தி எறியும் கேட்டபுல்ட்டும் முன்தளத்தில்தான். இடம் இப்படிப் போய்விட்டதால் 14 செ.மீ. பீரங்கி கோபுரத்துக்குப் பின்னால் தள்ளப்பட்டது. அட்டைப்படம் வரைபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டார்பிடோக்களை, அதாவது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் வெடிகுண்டுகளை, ஏவும் குழாய்கள் ஆறு, ஆறும் முன்முனையில். பின்புறம் ஒன்றுகூடக் கிடையாது.

ஜப்பானிய நீர்மூழ்கிகளின் பெருமை 95ஆம் வகை டார்பிடோ. மற்ற நாட்டு டார்பிடோக்கள் பல அழுத்திய காற்றில் ஓடின. காற்றிலுள்ள நைட்ரஜன் நீரில் எளிதில் கரையாமல் குமிழித் தடமாக மேலே வரும். குறிவைக்கப்பட்ட கப்பல் அதைப் பார்த்துத் திரும்பிவிடலாம். 95ஆம் வகையோ ஆக்சிஜனில் ஓடியதால் தடம் மிக மெல்லியது. 49 நாட் (மணிக்குச் சுமார் 90 கி.மீ.) வேகத்தில் 9 கிலோமீட்டர் போகும். 1942 செப்டம்பர் 15 அன்று ஐ-19 ஏவிய ஆறில் மூன்று, வாஸ்ப் என்ற அமெரிக்க விமானம்தாங்கிக் கப்பலைத் தாக்கின. அது அன்றே மூழ்கியது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வகையின் அட்டவணையை ஒரு தனிக் கப்பலின் மேல் அப்படியே ஒட்டாதீர்கள். ஐ-58ஐப் பாருங்கள். அதன் வகைக்குப் பீரங்கியும் விமானமும் உண்டு என்கிறது அட்டவணை. ஆனால் 1945 ஜூலை 30 அன்று இண்டியானாபொலிஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை அது மூழ்கடித்தபோது இரண்டுமே இல்லை. கைட்டன் என்ற, ஆள் உள்ளே இருந்து ஓட்டும் டார்பிடோக்களை ஏற்ற எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள். (தாக்கியது கைட்டனும் அல்ல, சாதாரண டார்பிடோக்கள்.) எண்களும் ஏமாற்றும். 1942 மே மாதம் பழைய கப்பல்கள் சிலவற்றின் எண்ணோடு நூறைக் கூட்டினார்கள். ஐ-68 அப்படித்தான் ஐ-168 ஆனது. ஆகவே கப்பலின் பெயரோடு தேதியையும் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் காட்சிக்கும் அதேதான்: கொட்டகை இருந்தது என்பதற்காக அன்று விமானமும் உள்ளே இருந்தது என்று எழுதிவிட வேண்டாம்.

சரணடையும் நேரத்தில் ஜப்பானியக் கடற்படை ஏராளமான ஆவணங்களை எரித்தது. அதனால் போர் முடிந்ததும் அங்கே போன அமெரிக்கக் கடற்படைத் தொழில்நுட்பக் குழுவின் அறிக்கைகளில் தொடங்குவது நல்லது.

நாவலாசிரியர் என்பதால் இன்னொன்று. 1943 ஏப்ரல் இறுதியில், மடகாஸ்கருக்கு அப்பால், நேதாஜியும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனும் ரப்பர்ப் படகில் ஐ-29க்கு வந்தார்கள். எதிர்த்திசையில், நேதாஜி வந்த ஜெர்மன் நீர்மூழ்கியான யு-180க்குப் போன இரு ஜப்பானியர்களில் ஒருவர் தோமோனாகா ஹிதேயோ, நீர்மூழ்கி வடிவமைப்புப் பொறியாளர். மோட்டாரை நிறுத்திவிட்டும் கப்பல் ஒரே ஆழத்தில் நிற்கும்படி தானியங்கிக் கருவி செய்தவர். 1945 மே மாதம், ஊர் திரும்ப அவர் ஏறியிருந்த ஜெர்மன் நீர்மூழ்கி யு-234 அமெரிக்கர்களிடம் சரணடைய முடிவெடுத்தபோது, தூக்க மாத்திரைகளை விழுங்கி உயிரை விட்டார். நானாக இருந்தால் நேதாஜியை விட்டுவிட்டு இவரைத்தான் எழுதுவேன்.