சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மீண்டும் பசியா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். எங்களுக்கு 3 வயதிலும் 6 வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். பால், முட்டை, இறைச்சி எதுவும் சேராத வீகன் உணவுக்கு அண்மையில் மாறினோம். மாலையில் வீடு திரும்பியதும் காய்கறிகளை வதக்கி, சோறோ பாஸ்தாவோ சேர்த்துக் கொடுக்கிறேன். ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் இருவரும் பசிக்கிறது என்கிறார்கள். வயிறு நிறையும்படியாக, விரைவில் செய்துவிடக்கூடிய இரவு உணவைச் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் சமையலில் காய்கறிக்குக் குறைவில்லை; பருப்பு, பயறு, எண்ணெய்ச் சத்து ஆகியவைதான் போதவில்லை என்று தோன்றுகிறது. குழந்தைகளின் இரைப்பை சிறியது. நீரும் நாரும் மிகுந்த காய்கறிகள் அதை விரைவில் நிரப்பிவிடுகின்றன. ஆனால் அவற்றில் கலோரி குறைவு என்பதால், நிறையச் சாப்பிட்டதுபோல் தெரிந்தாலும் சற்று நேரத்தில் பசி திரும்பிவிடுகிறது. ஆகவே தட்டில் காயின் அளவைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தைப் பருப்புக்கும் விதை விழுதுக்கும் கொடுங்கள். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதம் இருக்கிறது.

வேலை நாளில் உங்களுக்கு மிகவும் கைகொடுப்பது, ஊறவைக்கவே தேவையில்லாத மைசூர்ப் பருப்புதான். வெங்காயம், பூண்டு, தக்காளியைத் தாராளமாக எண்ணெய் விட்டு வதக்கி, கழுவிய பருப்பையும் தண்ணீரையும் சேர்த்தால் 20 நிமிடங்களில் குழைந்துவிடும். இறக்கும் முன் இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை விழுதைக் கரைத்து ஊற்றுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் ஒழுகி ஓடாமல் மெதுவாக வழிந்து விழும் பதம் வர வேண்டும். அந்தப் பதத்தில் இருந்தால் 3 வயதுக் குழந்தையும் சிந்தாமல் தானே அள்ளிச் சாப்பிடும். பருப்பிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி உதவும் என்பதால், அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள வீட்டில் சூரியகாந்தி விதை விழுது போதும். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைகளைக் கொடுக்கக் கூடாது. மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

கொண்டைக்கடலை போன்றவற்றை விடுமுறை நாளில் மொத்தமாக வேகவைத்துவிடலாம். இரவு முழுவதும் ஊறவைத்து, வெந்தபின் ஒன்றை எடுத்து இரண்டு விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். மாவுபோல் மசிய வேண்டும், நடுவில் சிறு கடினம் தட்டுப்பட்டாலும் இன்னும் வேக வேண்டும். மூன்று நாளைக்கு வேண்டியதை ஃபிரிட்ஜிலும் மீதியை ஒருவேளைக்குரிய பொட்டலங்களாக ஃப்ரீசரிலும் வைத்தால், பாதி இரவுச் சமையல் முன்கூட்டியே முடிந்த மாதிரிதான். சிவப்பு ராஜ்மாவில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. அரைவேக்காடாக உண்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நச்சுப்பொருள் அதில் இருக்கிறது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடங்கள் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று வேகும்வரை சமைக்க வேண்டும். ஸ்லோ குக்கரின் மிதமான சூடு அந்த நச்சை அழிக்காது.

கேள்வி: என் மகன் பயறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு, பாஸ்தாவை மட்டும் சாப்பிடுகிறான். என்ன செய்வது?

பதில்: பல குழந்தைகளுக்குச் சுவையைவிடப் பயறின் தோல்தான் பிடிப்பதில்லை. வெந்த வெள்ளை பீன்ஸைத் தக்காளிச் சாற்றோடு மிக்ஸியில் அரைத்துக் குழம்பாக்கிப் பாஸ்தாவில் கலந்து கொடுங்கள். என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்; பின்னால் அவனே கண்டுபிடித்தால் அந்தக் குழம்பையும் தொட மாட்டான். தட்டில் இரண்டு முழுப் பயறுகளை மட்டும் தொடர்ந்து வைத்து வாருங்கள், சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பலமுறை பார்த்துப் பழகிய பிறகே ஒரு புதிய உணவை ஏற்கும் குழந்தைகள் நிறையப் பேர்.

கேள்வி: இப்படிச் சமைத்தால் எல்லாச் சத்துகளும் கிடைத்துவிடுமா?

பதில்: வைட்டமின் பி12 கிடைக்காது. இதில் நான் சற்றும் தளர்வு காட்ட விரும்பவில்லை. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் பி12 இல்லை. எவ்வளவு அக்கறையாகச் சமைத்தாலும் அந்தக் குறை தீராது. அதன் பற்றாக்குறை இரத்தசோகையையும் நரம்புப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடும். பி12 செறிவூட்டிய உணவையோ சத்து மாத்திரையையோ நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். குழந்தையின் வயதுக்குரிய அளவை மருத்துவரிடம் கேட்டு இந்த வாரமே தொடங்குங்கள். அயோடின், வைட்டமின் டி பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியத்துக்கு, சோயாப் பாலைக் கால்சியம் உப்பு சேர்த்துத் திரட்டிச் செய்த டோஃபுவைப் பொதியிலுள்ள குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். பசலைக்கீரையில் கால்சியம் இருந்தாலும், அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடலுக்குச் சேர்வது சொற்பமே.