"யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று 16 வயதுப் பெண் சொன்ன பிறகு கவுன்சிலர் என்ன செய்வது?

கேள்வி இதுதான்: தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் கவுன்சிலரிடம் 16 வயதுப் பெண் ஒருத்தி முதலில் சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். அதன் பிறகு, தான் கர்ப்பமாக இருப்பதைச் சொல்கிறாள். பையனுக்கு 19 வயது, விரும்பித்தான் பழகினோம் என்கிறாள். போலீசுக்குச் சொன்னால் அவள் நம்பிக்கை போய்விடும், சொல்லாவிட்டால் சட்டத்தை மீறியதாகும். எதைத் தேர்ந்தெடுப்பது?

சொல்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் இடம் உங்களுக்கு இல்லை. எப்படிச் சொல்வது, அவளுக்கு முதலில் என்ன தெரிய வேண்டும், யார் உடன் இருப்பது, எது முதலில் எது பிறகு என்பதெல்லாம் பெருமளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. அறம் சார்ந்த வேலை முழுவதும் அங்கேதான் நடக்க வேண்டும். பலர் முதல் கேள்வியிலேயே நாட்களைக் கழித்துவிட்டு, இரண்டாவதை அவசரத்தில் கெடுத்துவிடுகிறார்கள்.

முதலில் சட்டம். போக்சோ சட்டம் 2012 (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), பிரிவு 19(1): 18 வயதுக்குட்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் உள்ளூர் காவல் நிலையத்துக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் தர வேண்டும். கவுன்சிலர், ஆசிரியர், டாக்டர் யாருக்கும் விலக்கு இல்லை. 18-க்குக் கீழே சம்மதம் என்பதைச் சட்டம் ஏற்பதில்லை. சொல்லாமல் விட்டால் பிரிவு 21-ன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே உள்ளவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது 19(7).

உங்கள் வயிற்றைக் கலக்குவது இன்னொரு பிரிவாகத்தான் இருக்கும். சிறுமி கர்ப்பமானால் அது பிரிவு 5-ன் கீழ் கடுமையான குற்றமாகிவிடுகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டுகள். அந்தப் பெண்ணுக்கும் இது அரைகுறையாகத் தெரியும். சத்தியம் வாங்கியதே அதனால்தான். இந்தச் சட்டம் 16, 17 வயதுக் காதலையும் கொடூரமான வன்முறையையும் ஒரே தராசில் வைக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அது மாற வேண்டும். ஆனால் அதைச் சரிசெய்யும் வழி கவுன்சிலர் அறையில் மறைத்துவைப்பது அல்ல. "விரும்பித்தான்" என்ற சொல்லுக்குப் பின்னால் மிரட்டல் இருக்கிறதா, செல்போனில் படம் இருக்கிறதா, சொல்லப்படும் 19 வயதுப் பையன் உண்மையில் வீட்டில் இருக்கும் ஒரு பெரியவரா என்பதெல்லாம் ஒரே உட்காரலில் உங்களுக்குத் தெரியாது.

இனி வரிசை.

போலீசுக்குப் போவதற்கு முன் அவளிடம் திரும்பப் போங்கள். அன்றைக்கே. கொடுத்த வாக்கை உடைக்கப் போகிறீர்கள் என்பதை உங்கள் வாயால் அவள் கேட்க வேண்டும். வாசலில் ஜீப் வந்து நின்ற பிறகு தெரிந்தால், அதற்குப் பிறகு எந்தப் பெரியவரிடமும் அவள் வாய் திறக்க மாட்டாள். இப்படிச் சொல்லலாம்: "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு நான் சொன்னது தப்பும்மா. அந்த வாக்கைக் கொடுக்கிற உரிமை எனக்கு இல்ல. தப்பு என்னோடது, உன்னோடது இல்ல. இதை நான் போலீசுக்குச் சொல்லியாகணும். ஆனா நீ ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்ல. யூனிஃபார்ம் இல்லாம ஒரு பெண் எஸ்.ஐ. நீ சொல்ற இடத்துக்கு வருவாங்க. நானும் பக்கத்துல இருப்பேன். எங்க வரச் சொல்லட்டும், வீட்டுக்கா, இங்கேயா?"

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிய வேண்டும் என்பது பிரிவு 24. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. இடம், உடன் இருக்க வேண்டிய ஆள் என்று அவளுக்கென்று மிச்சமிருக்கும் ஒவ்வொரு தெரிவையும் அவள் கையில் கொடுங்கள். பையனுக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் பொய்யைச் சரிசெய்யப் போய் இரண்டாவது பொய் சொன்னதாகிவிடும்.

அடுத்து அவள் பாதுகாப்பு. வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளிடமே கேளுங்கள். அடி விழுமா, அவசரக் கல்யாணமா, வேறு சாதி என்பதால் உயிருக்கே ஆபத்தா? பதில் பயமாக இருந்தால் அதைத் தகவலோடு சேர்த்துச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்படுபவர் அதே வீட்டில் இருந்தாலோ, பெற்றோர் ஆதரவு இல்லாவிட்டாலோ, 24 மணி நேரத்துக்குள் அவளைக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். எங்கே தங்கவைப்பது என்பதைக் குழு தீர்மானிக்கும். மற்ற வழக்குகளிலும் காவல் துறை 24 மணி நேரத்துக்குள் குழுவுக்குத் தகவல் தர வேண்டும் என்பது 19(6).

உடல்நலத்துக்கும் கெடு இருக்கிறது. கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கருக்கலைப்பு வேண்டுமென்றால் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, சிறுமி என்பதால் அனுமதி உண்டு, ஆனால் இரண்டு டாக்டர்கள் வேண்டும். அதைத் தாண்டினால் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். 18-க்குக் கீழே என்பதால் பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதம் தேவை. கருக்கலைப்புச் சட்டம் பாதுகாவலர் என்று சொல்வது சிறுமியைப் பராமரிப்பவரை. அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கலைப்பதா வேண்டாமா என்பதில் உங்கள் விருப்பத்தை அவள் மீது ஏற்றாதீர்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் தரும் போக்சோ தகவலில் சிறுமியின் பெயர், அடையாளம் சொல்ல வேண்டியதில்லை என்றது. அந்தச் சலுகை பதிவுபெற்ற மருத்துவருக்கு. அங்கும் தகவல் தரும் கடமை நீங்கவில்லை, அடையாளம் மட்டுமே நீங்கியது. "டாக்டரிடம் அனுப்பிவிட்டேன், என் பொறுப்பு முடிந்தது" என்று கவுன்சிலர் நினைப்பது தவறு.

அதே மாதிரித் தவறுதான் "எச்.எம்.கிட்ட சொல்லிட்டேன்", "எங்க டைரக்டருக்கு மெயில் போட்டுட்டேன்" என்பதும். கடமை தனிநபருடையது. மேலதிகாரியிடம் கலந்து பேசலாம், பேச வேண்டும். ஆனால் அவர் "நம்ம பேர் கெட்டுடும், அமைதியா முடிச்சிடலாம்" என்றால் உங்கள் கடமை தீராது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ல் சொன்னாலும், அது காவல் நிலையம் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள். தகவலை எழுதிப் பதிவு எண் கொடுத்து, சொன்னவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்கிறது 19(2). அந்த எண்ணை வாங்காமல் வராதீர்கள்.

பெற்றோரை முதலில் அழைத்து "நீங்களே பார்த்துக்கோங்க" என்று விடுவதுதான் மிக மோசமாக முடிகிறது. இரண்டே நாளில் பெண் வெளியூரில் யாரோ உறவினர் வீட்டில் இருப்பாள், அல்லது கழுத்தில் தாலி இருக்கும், அல்லது மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய மாத்திரையைப் போட்டு ரத்தப்போக்கில் கிடப்பாள். பையனைக் கூப்பிட்டு விசாரிப்பதும் உங்கள் வேலை அல்ல. அவளிடம் திரும்பத் திரும்ப நடந்ததைக் கேட்பதும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் சொல்லும்போது ஒரு சொல் மாறும், அந்த மாறுதலை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் எடுத்து விரிப்பார். செல்போனில் பதிவு செய்யாதீர்கள். அலுவலக வாட்ஸப் குழுவில் ஒரு வரிகூடப் போகக் கூடாது. அவள் யார் என்று தெரியவந்தால் அதுவே தனிக் குற்றம்.

கேஸ் ஃபைலில் எழுதுவதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "பெண் காதல் வயப்பட்டு தவறான பாதையில் சென்றுள்ளார். சம்மதத்துடன் உறவு. தாய் கவனிப்பு குறைவு." இந்த மூன்று வாக்கியத்திலும் ஒரு செய்தி கிடையாது, தீர்ப்புதான் இருக்கிறது. இதையே இப்படி எழுதலாம்: "தேதி, மாலை 4.10. தானாகச் சொன்னார். அவர் வார்த்தை: 'ரெண்டு மாசமா பீரியட் வரல. அவன் என்னை ஒண்ணும் கட்டாயப்படுத்தல.' அழுதார். உடலில் காயம் தெரியவில்லை. தகவல் தர வேண்டிய கடமையை 4.40-க்கு விளக்கினேன். வீட்டில் தெரிந்தால் அப்பா அடிப்பார் என்றார்." அவள் சொல் மேற்கோளுக்குள், நீங்கள் கண்டது தனியாக, செய்தது நேரத்தோடு. இந்தப் பக்கம் ஒரு நாள் கோர்ட்டுக்குப் போகும் என்று நினைத்தே எழுதுங்கள்.

அந்த மேற்கோள்தான் பையன் விஷயத்தில் நீங்கள் நேர்மையாகச் செய்யக்கூடிய உதவியும். அவள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் பதிவதும், மாஜிஸ்திரேட் முன் அதை அச்சமின்றிச் சொல்ல அவளைத் தயார்ப்படுத்துவதும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக அவளுக்கு இலவச வக்கீல் பிடிப்பதும் உங்களால் முடியும். என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2022 டிசம்பரில் டி.ஜி.பி. சுற்றறிக்கை, காதல் சார்ந்த போக்சோ வழக்குகளில் அவசரக் கைது வேண்டாம் என்றது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படியொரு வழக்கையே ரத்து செய்தது. ஆனால் இவற்றை நம்பி அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட முடியாது. கல்கத்தா உயர் நீதிமன்றம் இப்படி விடுவித்த ஒருவரை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மீண்டும் குற்றவாளி என்றது. 2025 மே மாதம், அந்த வழக்கின் பெண் இத்தனை ஆண்டு பட்டதைக் கணக்கில் கொண்டு, தண்டனை விதிக்காமல் விட்டது. வேறொரு வழக்கில் பையனுக்கும் 18 நிறையவில்லை என்றால் அது இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். அவனும் குழந்தைதான், அவனுக்கும் ஒரு கவுன்சிலர் வேண்டும்.

அறங்கள் ஒன்றோடொன்று மோதும்போது எதற்கு முன்னுரிமை என்று காட்ட, சமூகப்பணிப் படிப்பில் லோவன்பெர்க்–டால்காஃப் வரிசை என்று ஒன்று சொல்லித்தருவார்கள். உயிர் காப்பது முதலில், பிறகு சமத்துவம், சுயமுடிவு, குறைந்த தீங்கு, வாழ்க்கைத் தரம், ரகசியம், கடைசியாக உண்மை. ரகசியம் ஆறாவது இடத்தில் இருப்பதைப் பார்த்தால் மனசு தெளியும். உண்மையைக் கடைசியில் வைத்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

வயது வந்தவர் என்றால் கணக்கே வேறு. கணவன் அடிக்கிறான், வெளியே சொல்லாதீங்க என்று 30 வயதுப் பெண் சொன்னால், 2005 குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தர உங்களை அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. அங்கே முடிவு அவருடையது. பெண்கள் உதவி எண்ணான 181-ஐயும் அவசரத்துக்குப் போக ஓர் இடத்தையும் கையில் கொடுத்துக் காத்திருங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் அந்தக் காத்திருப்பை முறியுங்கள்.

அடுத்த முறை இந்த இக்கட்டு வராமலிருக்க, முதல் சந்திப்பின் முதல் நிமிடத்தில், பெயர் கேட்பதற்கும் முன்னால், இதைச் சொல்லப் பழகுங்கள்: "நீ சொல்றது நம்மோட இருக்கும். மூணு விஷயம் மட்டும் விதிவிலக்கு. உன்னை யாராவது தப்பாத் தொட்டா, நீ உன்னையே காயப்படுத்திக்க நினைச்சா, வேற யாருக்காவது ஆபத்துன்னா. அப்போ உன்கிட்ட சொல்லிட்டுத்தான் மத்தவங்ககிட்ட சொல்வேன்." இதைச் சொன்னால் பிள்ளைகள் பேசமாட்டார்கள் என்ற பயம் வேண்டாம். பாதியில் சொல்லாமல் விடுவதும் அவர்களின் உரிமைதான். சொல்பவர்கள் தெரிந்து சொல்கிறார்கள்.

எஃப்.ஐ.ஆர். போட்ட மறுநாள் காணாமல் போய்விடாதீர்கள். கோபத்தில் முகம் திருப்பிக்கொள்வாள், அப்படியும் போய்ப் பாருங்கள். வழக்கு முடியும்வரை கூட வர ஓர் ஆதரவு நபரை நியமிக்கும்படி குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். சாப்பாடு, துணி, போக்குவரத்துக்கான உடனடி நிவாரணம் 2020 போக்சோ விதிகளில் இருக்கிறது, குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். கேட்காமல் கிடைப்பது அரிது, எழுதியே கொடுங்கள். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்களா என்றும் விசாரியுங்கள். பிளஸ் ஒன் தேர்வுக்கு அவள் போய் உட்காரும்வரை அந்த ஃபைலை மூடாதீர்கள்.